கேணிக்கு வந்த கடல்

மெஹபூப் அலி பாயிடம் "கறி நல்லா வெந்திருக்கு" என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "கறி இன்னாங்க கறி, ஊர்ல எல்லாருக்கும் ஒரே ஆடுதான். இன்னா தண்ணில ஆக்குனேன், அத்த கேளு" என்பார். அவர்கள் கேட்காவிட்டாலும் கையைப் பிடித்து வீட்டுப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கேணியைக் காட்டிவிடுவார்.

மந்தைவெளி சாவடிச் சந்தில் மொத்தம் ஒன்பது வீடுகள். அங்கிருந்து கடல் நடந்து போகிற தூரம்தான். அக்கம்பக்கத்துக் கேணிகள் எல்லாம் உப்பு. பாய் வீட்டுக் கேணியும் ஒரு காலத்தில் உப்பாகத்தான் இருந்தது. பாயின் மனைவி ஜஹீதா கல்யாணமாகி வந்த புதிதில் அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. ஆற்றோரம் எல்லாம் முழுகிய பெருவெள்ளத்துக்கு மறுவருஷக் கோடையில், ஒருநாள் அவள் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் தித்தித்தது. முதலில் தன் நாக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுச் சுப்பம்மாவைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொன்னாள். வெள்ளம் உப்பைக் கழுவிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். முண்டகக்கண்ணி அம்மன் கண் திறந்துவிட்டாள் என்றாள் சுப்பம்மா. பாய் இரண்டு கையையும் ஏந்தி மேலே காட்டினார். காரணம் எதுவாக இருந்தாலும், பத்து வருஷமாக ஒன்பது வீட்டுக்கும் அதுதான் குடிதண்ணீர்.

சமையல் கூடம் பின்கட்டில் இருந்தது. மேலே தகரக் கொட்டகை, கீழே மூன்று விறகடுப்பு. கல்யாணம், காதுகுத்து, ஆபீஸ் விருந்து என்று நாளுக்கு ஒன்றோ இரண்டோ தேக்சா பிரியாணி போகும். விடிந்ததும் சுப்பம்மா மணையைப் போட்டு உட்கார்ந்தால், பத்து மணிக்குள் முப்பது கிலோ வெங்காயம் அவள் கத்தியில் சன்னமாக விழுந்திருக்கும். புருஷன் போன பிறகு அவளுக்கு அந்த வீடுதான் வேலை, அந்த வீடுதான் பேச்சு. ஜஹீதா மசாலா அரைப்பாள், அரிசி களைவாள். தம் போட்டு மூடிமேல் கங்கு வாரிப் போடுவதை மட்டும் பாய் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

இதற்கு நடுவே ஜஹீதாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அவள் மழை பிடித்துக் கொடுத்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடையாறில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நீரஜா என்ற பெண், மழைத்தண்ணீர் சேர்க்க ஒரு மொட்டைமாடி தேடிக்கொண்டு அந்தச் சந்துக்கு வந்தாள். நான்கு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஜஹீதா உட்காரவைத்துச் சுலைமானி டீ கொடுத்தாள். அப்புறம் மாடியில் புனல் வைத்த ஒரு குப்பி வந்து நின்றது. மழை பெய்த மறுநாள் காலை எட்டரை மணிக்கு அந்தத் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் கழுத்து வரைக்கும் ஊற்றவேண்டும். உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. மூடி, தேதி எழுதி ஒட்டவேண்டும். ஜஹீதா ஒருநாளும் தவறவிட்டதில்லை. புயல் வந்த டிசம்பரில், குடை திருப்பிக்கொண்டு பறந்தபோதும் முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிப்போய்ப் பிடித்தாள்.

"மழைய பாட்டில்ல புடிக்கிறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சம்பளம்" என்று சிரிப்பாள் சுப்பம்மா.

"உனக்கு இன்னாடி தெரியும்? ஒவ்வொரு மழையும் ஒவ்வொரு மாதிரியாம்."

"ஆமா, ஒண்ணு ஈரமா கீது, இன்னொண்ணும் ஈரமா கீது!"

தை பிறந்து பத்தாம் நாள், பாய் அடுப்பில் எண்ணெய் காய வைத்திருந்த நேரத்தில் ராமானுஜம் வந்தார். பின்சுவரை ஒட்டி நிற்கிற ஐந்துமாடிக் குடியிருப்பின் செயலாளர் அவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூக்கை மூடிக்கொள்ளக் கூச்சப்பட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"பாய், நான் சண்டைக்கு வரலை. எங்காத்துக் காரும் அதுலதான் நிக்கறது."

"எதுல சாமி?"

"தண்ணிலதான். தரைக்குக் கீழ கார் நிறுத்தற எடம் பூரா கணுக்கால் தண்ணி. மழை நின்னு மாசமாச்சு. மோட்டார் வச்சு எறைச்சுண்டே இருக்கோம், ஊறிண்டே இருக்கு. லிஃப்ட்டும் நின்னு போச்சு, மேல அஞ்சாவது மாடில எண்பது வயசு மாமி ஒருத்தி எறங்க முடியாம உக்காந்திருக்கா. சுவருக்கு இந்தண்டை யார் அண்டா அண்டாவா கழுவிக் கொட்டறா? நீங்கதானே?"

"நாங்க கொட்றது கால்வாய்ல போவுது சாமி."

"கால்வாய் உடைஞ்சிருந்தா? சங்கத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டுப் புகார் குடுத்தாச்சு. முன்கூட்டியே உங்ககிட்ட சொல்லாம இருக்க மனசு வரலை. அதான் வந்தேன்."

நான்கு நாளில் மாநகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. கழிவுநீர் கசிவுக்கு விளக்கம் தரவேண்டும். மாசி முதல் வாரம் விசாரணை. விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் சமையல் கூடத்துக்குச் சீல். பாய் அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அன்று தேக்சாவில் அரிசி ஒரு கொதி கூடுதலாக வெந்து குழைந்தது. இருபது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

மறுநாள் ஜஹீதா தானே குடியிருப்புக்குப் போனாள். வாட்ச்மேன் தயங்கினான். ராமானுஜம் வந்து கீழே கூட்டிக்கொண்டு போனார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தண்ணீரில் இறங்கி, குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள்.

"சாமி, தேக்சா கழுவுன தண்ணின்னா எண்ணெ மெதக்கணுமா இல்லியா? இது கண்ணாடியாட்டம் கீதே."

"மண்ணு வடிகட்டிடும் இல்லையோ?"

"அப்ப இது எங்கருந்து வர்துன்னு உங்களுக்கும் தெரியல, எங்களுக்கும் தெரியல."

"தெரியலைதான்" என்று ஒப்புக்கொண்டார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் ஜஹீதா நீரஜாவுக்கு போன் போட்டாள். "ஏம்மா, மழைய பாத்து அது எந்த மேகம்னு கண்டுபுடிக்கிறீங்களே, தரையில ஊர்ற தண்ணி எங்கருந்து வர்துன்னு பாக்க முடியாதா?"

"முடியும்க்கா. எனக்கு ஏன் இது தோணல!"

நீரஜா மறுநாளே வந்தாள். கார் நிறுத்துமிடத் தண்ணீரில் ஒன்று, குடியிருப்புக்கு வரும் குழாயில் ஒன்று என்று பாட்டில் பிடித்தாள். ஒப்பிட்டுப் பார்க்க இருக்கட்டும் என்று கேணியிலும் ஒன்று கேட்டாள். பாய் பெருமையாகத் தானே இறைத்துக் கொடுத்தார். "குடிச்சிப் பாரு மொதல்ல. அப்பால மிஷின்ல வையி."

இரண்டு வாரம் கழித்து அவள் திரும்ப வந்தாள். வழக்கமாக நேரே மாடிப்படி ஏறுகிறவள், அன்று சமையல் கூடத்திலேயே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஜஹீதா தால்ச்சாவுக்குக் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். பாய் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"அக்கா, அது உங்க சட்டி கழுவுன தண்ணி இல்ல. சோப்பு இல்ல, உப்பு ஏறல. குழாய்த் தண்ணி. ரோட்டுக்கு அடியில போற பெரிய குழாய் எங்கயோ விட்டிருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கோடாலியைக் கீழே வைத்தார் பாய். "அந்த சாமிய இப்பவே கூப்புடு."

"இருங்க பாய். முழுசா கேளுங்க." அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்றைக் கேட்டு ஜஹீதா கத்தியை நிறுத்தினாள். "தண்ணியில கொஞ்சம் கனமான தண்ணியும் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. மிஷினுக்குத்தான் தெரியும். கடல்லேர்ந்து ஆவியா கெளம்பறப்ப லேசானது முந்திக்கும், கனமானது பின்தங்கிடும்."

"பொடைக்கிறப்போ பதரு முன்னால பறக்குமே, அத்த மாதிரி" என்றாள் ஜஹீதா.

"அதேதான். அதனால மழைத் தண்ணி லேசு. புயல் மழை இன்னும் லேசு. கடல் கனம். நீங்க புடிச்சிக் குடுத்த ரெண்டு வருஷ மழையும் எங்கிட்ட இருக்கு. அது இல்லன்னா இந்த ஊர் மழை எப்படின்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. அந்தக் கார் நிக்கிற எடத்துத் தண்ணி மழை இல்ல. கடல் மாதிரி கனமா இருக்கு. ஆனா உப்பு இல்ல."

"உப்பில்லாத கடலா?"

"கடல் தண்ணிய எடுத்து உப்பப் பிரிச்சிக் குழாய்ல விடறாங்கல்ல? உப்பு போனாலும் அந்தக் கனம் போகாது. இந்தப் பக்கத்துக் குழாய்ல வர்றது அதுதான். ஏரித் தண்ணியும் வெயில்ல காஞ்சு கனக்கும், ஆனா அதோட சாயலே வேற."

ஜஹீதா கத்திரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். அப்புறம் மெல்லக் கேட்டாள். "எங்க கெணறு?"

நீரஜா கேணிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அதுவும் அதேதான்க்கா. மழை கொஞ்சம் கலந்திருக்கு. மிச்சமெல்லாம் குழாய்லேர்ந்து ஒழுகினது. பத்து வருஷமா கொஞ்சங்கொஞ்சமா ஒழுகிட்டிருக்கணும், இப்பத்தான் ஒடைப்பு பெருசாகிக் கார் நிக்கிற எடம் வரைக்கும் வந்திருக்கு."

"பொய்யி" என்றார் பாய்.

கோடாலியை எடுத்து மறுபடி விறகு பிளக்கத் தொடங்கினார்.

"கொழாய அடைச்சா?" என்றாள் ஜஹீதா.

"கிணறு எறங்கும். கொஞ்ச நாள்ல பழையபடி உப்பாகும்னு நெனைக்கிறேன்." நீரஜா பையிலிருந்து இரண்டு தாளை எடுத்து ஜஹீதாவின் பக்கத்தில் வைத்தாள். "நீங்க கேட்டுத்தான் பாத்தேன். நீங்க சொல்ற வரைக்கும் நான் யாருக்கும் குடுக்கமாட்டேன். ஆனா என் ஆய்வுல கடைசியில வரத்தான் செய்யும். மன்னிச்சிடுங்கக்கா."

"நீ இன்னாம்மா பண்ணுவ. நான்தான கேட்டேன்." ஜஹீதா எழுந்து அவளுக்கு டீ போடப் போனாள்.

தாளைக் கொடுத்தால் சமையல் கூடம் தப்பிக்கும், கேணி போய்விடும். கொடுக்காவிட்டால் கேணி நிற்கும், அடுப்பு அணைந்துவிடும். ஜஹீதா அன்று பூராவும் இதையே மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சுப்பம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"குடுக்காத பாயம்மா!" என்றாள் சுப்பம்மா. "ஒம்போது வூட்டு பொம்பளைங்களும் வந்து அந்த ஆபீஸ் வாசல்ல குந்திக்கிறோம். எவன் சீல் வெக்கிறான்னு பாக்கலாம். அந்தத் தாள அடுப்புல போடு."

பாய் இரண்டு நாளாகச் சாப்பாட்டையும் அளைந்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார். தண்ணீர் தன்னுடையது இல்லை என்பதில் அவமானப்படுகிறார் என்று ஜஹீதா நினைத்தாள். அது பாதிதான் சரி.

மூன்றாம் நாள் பட்டினப்பாக்கம் பக்கம் ஒரு பெயர் வைக்கிற விசேஷத்துக்கு ஒரு தேக்சா கொண்டுபோய் இறக்கினார். வண்டிக்காரன் வாடகைக்குச் சில்லறை மாற்றப் போயிருந்தான். தெருக்கோடியில் ரோட்டுக் குழாயோடு இணைத்த ஒரு அடிபம்பைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குடங்களோடு நின்றார்கள். ஒருத்தி குதித்துக் குதித்து அடித்துக்கொண்டிருந்தாள். இருபது அடிக்கு ஒரு செம்பு வந்தது. பாய் கிட்டே போனார்.

"எப்பவும் இப்பிடித்தான் வருமா?"

"நாங்க கடைசித் தெருவு பாய். எங்களாண்ட வர்றதுக்குள்ள தண்ணிக்கு மூச்சு வாங்கிப்பூடுது" என்றாள் அவள், கையை மாற்றிக்கொண்டே. "முன்னெல்லாம் நல்லாத்தான் வந்துச்சி. ஒரு பத்து வருசமாத்தான் இந்தக் கதி."

பாய் வண்டியில் ஏறவில்லை. வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேணி மேடையில் உட்கார்ந்தார்.

"ஜஹீதா."

"இன்னாங்க?"

"பட்டினப்பாக்கத்துல பம்பு அடிச்சிக்கினு நிக்கிறாங்க பாரு பொம்பளைங்க, இந்தத் தண்ணி அவுங்க ஹக்கு. அவுங்க பங்கு. பத்து வருசமா நான் அத்த வாரி வாரி ஆக்கிக்கினு இருந்துக்கிறேன். அதுல நோன்புக் கஞ்சி வேற காச்சி பள்ளிவாசலுக்கு குடுத்துக்கிறேன்."

"தெரிஞ்சா செஞ்சீங்க? தெரியாம செஞ்சது குத்தமாவுமா?"

"தெரியாத வரைக்கும் ஆவாது." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "இப்பதான் தெரிஞ்சிப் போச்சே. அந்தப் பொண்ணுக்கு போன் போடு. தாள குடுத்துடச் சொல்லு."

ஜஹீதா அவரைப் பார்த்தாள். முப்பது வருஷமாக அவரோடு சண்டை போட்டிருக்கிறாள், சிரித்திருக்கிறாள், அவர் வீம்பைச் சகித்திருக்கிறாள். இப்போது அவர் தலையில் கை வைத்துத் தடவவேண்டும் போல இருந்தது. கொட்டகையில் சுப்பம்மா இருந்ததால் துண்டை மட்டும் வாங்கி உதறிக் கொடுத்தாள்.

சுப்பம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கத்தியை மணைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"உன் கெணறு பாய். நீ மூடு, தொற, இன்னா வேணா பண்ணு. ஒம்போது வூட்டுக் கொடத்துக்கு இன்னா பதிலு?"

"பதிலு இல்ல சுப்பம்மாக்கா" என்றார் பாய்.

"அப்ப வெங்காயத்தையும் நீயே அரிஞ்சிக்கோ." பாதி அரிந்த வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

விசாரணையில் அதிகாரி இரண்டு தாளையும் புரட்டிப் பார்த்து, "கடல் தண்ணி, கனம்னு எழுதியிருக்கீங்க, இதெல்லாம் எந்த விதியில வருது?" என்றார். நீரஜா பொறுமையாகச் சொன்னாள். ராமானுஜம் குறுக்கே புகுந்து, "சார், விதியை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல ரோட்டைத் தோண்டிப் பாருங்கோ. மாமி அஞ்சாவது மாடிலேயே இருக்கா" என்றார். மூன்றாம் நாள் காலை ஆட்கள் வந்து இரும்புக்கம்பியைத் தரையில் நட்டு, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே நடந்தார்கள். குடியிருப்பு வாசலுக்கு இருபதடி தள்ளி ஒருவன் கையைத் தூக்கினான். தோண்டினால் பெரிய குழாயின் இணைப்பு வாய் பிளந்து, தண்ணீர் தொடை கனத்துக்கு மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. சந்தே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. பாய் மட்டும் வரவில்லை.

அடைத்த நான்காம் நாள் குடியிருப்பில் தரை காய்ந்தது. கேணியில் கயிறு நாளுக்கு ஒரு முழம் கூடுதலாக இறங்கியது. பத்தாம் நாள் ஜஹீதா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று சாயங்காலம் வரை தள்ளிப்போட்டாள். கை கழுவிக்கொண்டே அவரே சொன்னார்: "சோப்பு நொரைக்கல, பாத்தியா?"

ராமானுஜம் இந்தத் தடவை வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"தப்பாச் சொல்லிட்டேன் பாய். புகாரை வாபஸ் வாங்கியாச்சு. இன்னொண்ணு. பின்சுவர்ல ஒரு குழாய் போட்டு இந்தச் சந்துக்கு விடலாம்னு கூட்டத்துல சொன்னேன். ஒத்துக்கலை. ரெண்டு மணி நேரம் கத்தினேன். கடைசில, எங்காத்துப் பங்குத் தண்ணிலேர்ந்து விடறேன், அதுக்கு யார் என்ன சொல்றதுன்னு கேட்டேன். அதுக்கு ஒருத்தரும் வாயத் தொறக்கலை. காத்தால ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் வரும்."

"உங்க வூட்டுக்கு பத்துமா சாமி?"

"நாங்க ரெண்டே பேர். அவளுக்கு மடித் துணி தோய்க்கத்தான் நிறைய வேணும். கொஞ்சம் கொறைச்சுக்கோன்னு சொல்லியிருக்கேன். கேப்பாளோ என்னவோ!"

குழாய் வந்தது. ஒன்பது வீட்டுக்கும் ஒரு மணி நேரம் போதவில்லை. வரிசையில் வாய்ச்சண்டை வந்தது. சந்துக்குத் தனி இணைப்புக் கேட்டுக் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. சுப்பம்மா வரிசையில் ஜஹீதாவுக்கு முன்னால் நின்றாலும் திரும்பிப் பார்க்கவில்லை. தன் முறை வந்தால் பிடித்துக்கொண்டு போனாள். பாய் வீட்டில் வெங்காயத்தை ஜஹீதாவே அரிந்தாள். முப்பது கிலோ முடிக்க மத்தியானம் ஆனது. வெங்காயமும் ஒன்று தடிமனாக, ஒன்று சன்னமாக இருந்ததால், எண்ணெயில் பாதி கருகிப் பாதி வேகாமல் நின்றது. பாய் கருகியதைப் பொறுக்கி எறிந்தார்.

நோன்பு பிறந்தது. முதல் நாள் பள்ளிவாசலுக்குக் கஞ்சி. பாய் ஒரு வாரமாகச் சுவர்க் குழாயில் வரிசை முடியும்வரை நின்று, நாளுக்கு ஒன்றிரண்டாகப் பதினாலு குடம் சேர்த்து வைத்திருந்தார். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொத்துக்கறி எல்லாம் சேர்ந்து குழைந்து, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குகிற பதத்துக்கு வந்தது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வந்த பாய் கரண்டியோடு நின்றார். அவருக்கும் நோன்பு, ஜஹீதாவுக்கும் நோன்பு. ருசி பார்க்க முடியாது. வருஷா வருஷம் உப்புப் பார்த்துச் சொல்வது சுப்பம்மாதான்.

பாய் பக்கத்துச் சுவரருகே போய்த் தொண்டையைச் செருமினார். "சுப்பம்மாக்கா. உப்பு பாக்கணும்."

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "ஏன், அந்த அடையார் பொண்ண கூப்புட்டு பாட்டில்ல புடிச்சிக் குடுக்கறதுதான? மிஷின்ல வெச்சி சொல்லும்!"

ஜஹீதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மிஷினுக்கு உப்பு கூட கொறைய தெரியாதாம்" என்றார் பாய். "கேட்டுட்டேன்."

கொஞ்ச நேரத்தில் சுப்பம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். யாரையும் பார்க்காமல் உள்ளங்கையை நீட்டினாள். பாய் அரைக்கரண்டி ஊற்றினார். ஊதி ஊதி நக்கினாள்.

"உப்பு பத்தல."

ஒரு கைப்பிடி போட்டுக் கிளறினார். மறுபடி நீட்டினாள்.

"இப்ப செரியா கீது."

"தண்ணி?" என்று கேட்டார் பாய்.

அவள் இப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணிக்கு இன்னா? தண்ணி தண்ணியாத்தான் கீது. பத்து வருசமா வர்றவன் போறவன் கையெல்லாம் புடிச்சி இஸ்துக்கினு போய் கெணறு காட்டுனியே பாய், வெங்காயம் அரிஞ்சவ இவதான்னு ஒருத்தனுக்காச்சும் காட்டிருப்பியா?"

பாய் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். ஜஹீதா தலையைக் குனிந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"தப்புதான்க்கா" என்றார் அவர்.

"நாளைக்கு எத்தினி கிலோ?"

"நாப்பது. ஆர்டர் ரெண்டு கீது."

"அப்ப வெள்ளன வரணும். கத்திய சாணை புடிச்சி வை, இவ அரிஞ்சி அத்த மழுங்கடிச்சி வெச்சிருப்பா." சுப்பம்மா வீட்டுக்குள் போய் ஒரு தூக்குவாளியோடு திரும்பி வந்தாள். பள்ளிவாசல் ஆட்கள் தேக்சாவைத் தூக்க வாசலில் வந்து நின்றார்கள். "இருங்கப்பா" என்று அவர்களைக் கையமர்த்திவிட்டு, பாய் முதல் கரண்டியை அவள் வாளியில் ஊற்றினார். கொத்துக்கறி மேலே வரும்படி அடியிலிருந்து ஒரு தடவை கிளறிவிட்டு, இரண்டாவது கரண்டியையும் ஊற்றினார்.